கிளைம்பிங் ஷூ தேய்ந்தால்: ஒட்டா, ரீசோலா, புதுசா?

கர்நாடகத்தின் ஹம்பியில் பாறை ஏறும் சீசன் முடிந்து பிப்ரவரி கடைசி ஆனதும் வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஷூவின் கட்டைவிரல் முனையில் ஓர் ஓட்டை, அதற்குள்ளே விரல் எட்டிப் பார்க்கிறது. கீழே எப்போதும் ஒரே கேள்வி: “அண்ணா, ரப்பர் ஒட்டினா போதுமா, ரீசோலுக்கு அனுப்பணுமா, இல்ல புதுசே வாங்கிடட்டுமா?” ரீசோல் என்றால் தேய்ந்த அடி ரப்பரை உரித்துவிட்டுப் புது ரப்பர் வைப்பது.

விரல் தெரிகிறது என்றால் பாதி முடிவை ஷூவே எடுத்துவிட்டது. இந்தக் கேள்வியை இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் பதில் சொல்லாமல் விட முடியாது. கடந்த சில வருஷங்களில் இந்த எல்லா வழிகளையும் ஒரு முறையாவது நானே செய்து பார்த்துவிட்டேன், சிலவற்றைத் தப்பாகவும் செய்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## முதலில், தேய்ந்தது எது?

ஷூவில் ரப்பர் இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது. அடியில் இருப்பது சோல். பொதுவாக 3.5 முதல் 5 மி.மீ. கனம் இருக்கும். தேய்வதற்கென்றே இருப்பது அது, தேய்ந்தால் மாற்றிவிடலாம். ஷூவைச் சுற்றி, விரல்களின் முன்பக்கம் தொடங்கிக் குதிகாலுக்குப் பின்னால் வரை ஓடும் மெல்லிய பட்டைக்கு ராண்ட் என்று பெயர். சுமார் 2 மி.மீ. இருக்கும். பலர் அதை ஓரப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஷூவின் வடிவமே அந்தப் பட்டையின் இழுவையில்தான் நிற்கிறது. கயிற்றுக் கட்டிலில் கயிறு தளர்ந்தால் என்ன ஆகும்? சட்டம் உடையாது, கட்டில் தொய்ந்துவிடும். ராண்டில் ஓட்டை விழுந்த ஷூவும் அப்படித்தான் ஆகிறது.

ஷூவைத் திருப்பிப் பிடித்து முனையை வெளிச்சத்தில் பாருங்கள். சோலும் ராண்டும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடும். கோடு தெளிவாக இருந்து, அதற்குக் கீழே சோல் ஒரு நாணயத்தின் கனத்துக்காவது மிச்சம் இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. கட்டைவிரலுக்கு நேராக அந்தக் கோடே அழிந்திருந்தால் இப்போது நீங்கள் ராண்டின் மேல்தான் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். அன்றைக்கே நிறுத்துங்கள். துணியோ தோலோ தெரிந்தால் ராண்ட் போய்விட்டது.

இன்னொரு சங்கதி. சோலின் ஓரம் மட்டும் வாய் பிளந்து, ரப்பரின் கனம் அப்படியே இருந்தால் அது தேய்மானமே இல்லை, பசை விட்டுப்போயிருக்கிறது. வெயிலில் நின்ற காரின் டிக்கியில் ஷூவை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் இது அடிக்கடி நடக்கும். இதற்கு ரீசோல் கேட்டுக் காசு செலவழிக்காதீர்கள். பிளந்த இடத்தைச் சுத்தம் செய்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் பசை தடவி, காயவிட்டு அழுத்தினால் முடிந்தது. சூப்பர் குளூ மட்டும் வேண்டாம். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி விறைத்துக்கொள்ளும், நாலு முறை வளைந்ததும் விரிசல் விட்டுவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். என் வரிசை இது:

தேய்மானம் எதுவரை போயிருக்கிறது. சோலோடு நின்றதா, ராண்டைத் தொட்டதா. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

ஷூவின் வடிவம். தட்டையான ஷூவா, கிளி மூக்கு மாதிரி முனை கீழே வளைந்ததா. தட்டை ஷூ ரீசோலை நன்றாகத் தாங்கும். வளைந்த ஷூ யார் கையில் கொடுத்தாலும் கொஞ்சம் தட்டையாகித்தான் திரும்பி வரும்.

எங்கே ஏறுகிறீர்கள். சாவன்துர்காவின் நீளமான ஸ்லாபில், அதாவது பிடி இல்லாத சரிவுப் பாறையில், பாதம் முழுக்கப் பதிய வேண்டும். ராமநகரா கிரானைட்டில் அரிசி மணி அளவு விளிம்பில் கட்டைவிரல் முனை நிற்க வேண்டும். பாதாமி மணற்பாறையில் சுவர் வெளியே சாய்ந்திருக்கும், அங்கே முனை கொக்கி மாதிரி இழுக்க வேண்டும். ஒரே ரப்பர், ஒரே கனம் இந்த மூன்றுக்கும் சரிவராது.

அந்த ஷூ உங்கள் காலோடு எவ்வளவு பழகியிருக்கிறது. இதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆறு மாதம் வலியோடு போட்டுப் பழகி, உங்கள் விரல் மடிப்புக்கு ஏற்றபடி மாறிய மேல்பகுதியைக் கடையில் விற்பதில்லை. தோல் ஷூவாக இருந்தால் இதன் மதிப்பு இன்னும் கூடும்.

நாட்களும் பணமும். பணத்துக்குள்ளே மறைந்து நிற்கும் செலவுகளைக் கீழே அங்கங்கே சொல்கிறேன்.

## நடுவே ஒரு விஷயம்: ரப்பர் என்று பேர் இருந்தால் போதாது

“நம்ம ஊர்லதான் டயர் செருப்பு செய்வாங்களே, அந்த ரப்பரை ஒட்டினா என்ன?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். டயர் ரப்பர் ஆண்டுக்கணக்கில் தேயாது. ஆனால் டயர் உருளும்போது சக்தி வீணாகக் கூடாது என்று பார்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். கிளைம்பிங் ரப்பருக்கு வேண்டியது நேர் எதிர். அழுத்தினால் பாறையின் மேடுபள்ளத்துக்குள் இறங்கி, உடனே துள்ளி வெளியே வராமல் அங்கேயே மந்தமாகக் கிடக்க வேண்டும். கன்னியாகுமரித் தோட்டத்து ரப்பர் பாலில் செய்த பந்து தரையில் போட்டால் துள்ளும். நல்ல கிளைம்பிங் சோலில் வெட்டிய துண்டைப் போட்டுப் பாருங்கள், தொப்பென்று விழும். கடையில் ‘ஒட்டும் ரப்பர்’ என்று எதையாவது நீட்டினால் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஆய்வகம் எதுவும் வேண்டாம்.

செருப்புக் கடைகளில் கிடைக்கும் எம்.சி.ஆர். ஷீட்டும் இதற்கு ஆகாது. அது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் காலத்தில் தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களைக் காக்கப் பயன்பட்ட பொருள், இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளின் செருப்பில் இருப்பதும் அதுதான். அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்புவது அதன் வேலை. நமக்கு வேண்டியதோ முழு எடையும் ஒரே புள்ளியில் குவிவது.

1980-களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் போரியல் நிறுவனத்துச் ‘ஃபீரே’ ஷூ அமெரிக்காவின் யோசெமிட்டிப் பாறைகளுக்கு வந்தபோது, அங்கே ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஒரே பருவத்தில் பழைய ஷூவைத் தூக்கி எறிந்ததற்கும் துள்ளாமல் பாறையில் ஒட்டும் இந்த வகை ரப்பர்தான் காரணம். அதன் பிறகு ஃபைவ் டென் நிறுவனத்தின் ஸ்டெல்த், விப்ராம் நிறுவனத்தின் எக்ஸ்.எஸ். வரிசை ரப்பர்கள் எல்லாம் வந்தன. ரீசோலுக்கு ரப்பர் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் கேட்கப்போகும் பெயர்களும் இவைதான். விப்ராம் எக்ஸ்.எஸ். எட்ஜ் விறைப்பானது, சின்ன விளிம்பில் நிற்க நல்லது, நம் ஊர் வெயிலிலும் குழையாமல் நிற்கும். எக்ஸ்.எஸ். கிரிப் 2 மென்மையானது, ஸ்மியர் செய்யவும் (விளிம்பு இல்லாத பாறையில் ரப்பரை அழுத்தி உராய்விலேயே நிற்கவும்) பாறையை உணரவும் நல்லது, சீக்கிரம் தேயும். ஸ்டெல்த் சி4 இரண்டுக்கும் நடுவில்.

## சின்ன ஒட்டு

முனையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, மற்ற சோல் நன்றாக இருக்கிறது. அங்கே மட்டும் ஒரு துண்டை ஒட்டினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும்.

ஒட்டலாம். செயற்கைச் சுவரில் ஏறும் கிளைம்பிங் ஜிம்முக்குப் போதும். இரண்டு வாரம் கழித்து ஹம்பி போக வேண்டியிருக்கிறது, வேறு ஷூ இல்லை என்றாலும் இதைச் செய்யலாம். ஆனால் துண்டின் விளிம்பு வரும் இடம் எது? விளிம்பில் நிற்கும்போது பாறையைத் தொடும் அதே இடம். எவ்வளவு சீவி மெலிதாக்கினாலும் அங்கே ஒரு படி இருக்கும், பாறை அந்தப் படியைப் பிடித்துக்கொண்டு பிரித்துவிடும். என் அனுபவத்தில் வெளிப்பாறையில் ஒரு பயணத்துக்கு மேல் தாங்கியதில்லை.

டியூபில் வரும் திரவ ரப்பர் பசைகளை அப்படியே பூசிக் காயவைக்கும் வழியும் உண்டு. நடக்கும் ஷூவுக்கு நல்ல மருந்து. கிளைம்பிங் ஷூவின் அடியில் பூசினால் வழவழவென்று ஒரு படலம் வரும், ஸ்லாபில் அதன் மேல் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. ராண்டில் சிறிய கீறல் விழுந்து, அது பெரிதாகாமல் தடுக்க வேண்டும் என்றால் மட்டும் பயன்படுத்துவேன்.

இதில் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. ரீசோலுக்கு ஷூவை எடுப்பவர்கள் கண்ட கண்ட பசை காய்ந்து கிடக்கும் முனையைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். அதைச் சுரண்டி எடுக்கக் கூடுதலாகக் கேட்பார்கள், அல்லது வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பின்னால் ரீசோல் செய்யும் எண்ணம் இருந்தால் ஒட்டு போடாதீர்கள்.

## தெரிந்தவர்களிடம் ரீசோல்

இந்த வேலையையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் அனுப்புவது. பழைய சோலைச் சூடேற்றி உரித்து, முன்பாதிக்குப் புது ரப்பர் வைத்து, பாதத்தின் வளைவுக்கு அருகே பழைய சோலோடு சாய்வாகச் சேர்ப்பார்கள். இதற்குப் பெயர் ஹாஃப் சோல். கிளைம்பிங் ஷூவில் முன்பாதிதான் தேய்கிறது, அதனால் முழுச் சோல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ராண்டும் போயிருந்தால் அதைத் தனியாக வெட்டி ஒட்டுவார்கள், அதற்குத் தனிக் கூலி.

அவர்களிடம் மட்டும் இருப்பது லாஸ்ட், அதாவது பாத வடிவக் கட்டை. ஷூவை அதில் மாட்டி, ராண்டின் இழுவை தளராமல் பிடித்துக்கொண்டு சோல் ஒட்டுவார்கள். சோலை உரித்ததும் ராண்ட் தளர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் தட்டையான ரப்பரை ஒட்டினால் ஷூ அந்தத் தட்டை வடிவத்திலேயே உறைந்துவிடும். வளைந்த ஷூக்கள் வீட்டு வேலையில் கெட்டுப்போவது இங்கேதான்.

கூலி பொதுவாகப் புது ஷூ விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை வரும். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: புது ஷூ 12,000 ரூபாய், ரீசோல் 4,500, இரண்டு பக்கக் கூரியர் 500, ராண்டுக்கு 1,000. மொத்தம் 6,000. பாதி விலையில் மறுபடி ஒரு சோல் ஆயுள் கிடைக்கிறது. ராண்ட் நன்றாக இருந்திருந்தால் 5,000-தான். இரண்டு மாதம் முன்பே அனுப்பியிருந்தால் மிச்சமாகியிருக்கும் 1,000 ரூபாய் இதுதான். அதைவிடப் பெரிய நஷ்டம் வடிவத்தில்: ராண்ட் மாற்றிய ஷூ விரல் பக்கம் கொஞ்சம் வேறு மாதிரிதான் உட்காரும்.

இதன் மறைமுகச் செலவு காத்திருப்பு. வாரங்கள் ஆகும், சீசனுக்கு முன்னால் எல்லோரும் ஒன்றாக அனுப்பினால் மாதங்களும் ஆகும். அதுவரை என்ன போட்டுக்கொள்வது? இரண்டாவது ஜோடி இல்லாதவர்களுக்கு இந்த வழி தாளில்தான் மலிவு. திரும்பி வந்த முதல் வாரம் ஷூ அந்நியமாகவும் இருக்கும். புதுச் சோல் முழுக் கனத்தோடு நிற்கிறது, நீங்களோ தேய்ந்து மெலிந்த சோலுக்குப் பழகிவிட்டீர்கள். பாறையைக் காலால் உணர முடியவில்லை என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், சரியாகிவிடும்.

நல்ல ராண்ட் உள்ள தட்டைத் தோல் ஷூவை இரண்டு மூன்று முறையாவது இப்படிப் புதுப்பிக்கலாம். முழுநாள் போடும் விறைப்பான ஷூக்களுக்கும் அப்படியே. இந்த வகையில் என் ஓட்டு சந்தேகமே இல்லாமல் ரீசோலுக்குத்தான்.

## தெருமுனைக் கடையில்

ரீசோல் செய்பவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள். செருப்புத் தைப்பவரோ தெரு திரும்பினால் இருக்கிறார். சோல் ஷீட்டை நாமே வரவழைத்து அவரிடம் கொடுத்தால்?

கொடுத்தேன். அவர் கைவேலையில் குறையே இல்லை. என்னைவிட நேராக வெட்டினார், என்னைவிட நன்றாக அழுத்தினார். மாலையில் வாங்கப் போனபோது முகமெல்லாம் சிரிப்பு. “தம்பி, இனிமே ஜென்மத்துக்கும் பிரியாது” என்று ஷூவை நீட்டினார். சோலின் ஓரம் முழுக்கக் கெட்டியான நைலான் நூலால் தைத்திருந்தார், காசு கூடக் கேட்காமல். நடக்கும் ஷூவுக்கு அது மரியாதை. எனக்கோ கட்டைவிரல் முனையில் பாறையை முதலில் தொடுவது ரப்பருக்குப் பதில் நூலாகிவிட்டது. தப்பு என்னுடையது. இந்த ஷூ எதற்கு என்று நான் சொல்லவே இல்லை.

இந்த வழியில் போகிறவர்கள் நாலு விஷயம் சொல்லிவிடுங்கள்: தைக்கக் கூடாது, ஆணி கூடாது, ஓரத்தை உருட்டிவிடக் கூடாது, முனை கூர்மையாகவே நிற்க வேண்டும். பழைய சோலை உரிக்கும்போது ராண்டையும் சேர்த்து இழுத்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை நான் ஒரு மணி நேரம் அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அந்த ஜோடி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

கூலி மிகக் குறைவு. செலவெல்லாம் ரப்பரில்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து ஷீட்டின் விலையையே தொட்டுவிடும். ஒரு ஜோடிக்கு வாங்காமல் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால்தான் கட்டுப்படியாகும். வளைந்த ஷூவை இங்கே கொடுக்க வேண்டாம், லாஸ்ட் கிடையாது.

## நீங்களே செய்வது

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் வருஷக்கணக்காக வேலை பார்த்த ஒருவரோடு ஒரு முறை ரயிலில் பேசிக்கொண்டு வந்தேன். என் வீட்டு ரீசோல் மூன்றே நாளில் ராமநகராவில் வாயைப் பிளந்த கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பசை காயறதுக்கு முன்னாடியே ஒட்டிட்டீங்களா?”

ஆமாம். பசை ஈரமாக இருக்கும்போது ஒட்டினால்தான் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன், காகிதத்தில் ஒட்டுவது மாதிரி. இந்த வகைப் பசை அப்படி வேலை செய்வதில்லை. ஃபெவிகால் எஸ்.ஆர். மாதிரியான செயற்கை ரப்பர் பசைகள் இரண்டு பரப்பிலும் தடவி, கரைப்பான் ஆவியாகிப் போன பிறகு, உலர்ந்த படலமும் உலர்ந்த படலமும் அழுத்தத்தில் சேரும்போதுதான் பிடிக்கும். விரல் முட்டியால் தொட்டால் பசை இழுத்துக்கொண்டு வரக் கூடாது. அப்படி உலரச் சென்னை ஈரக்காற்றில் 15-20 நிமிடம் ஆகும், மழைநாளில் இன்னும் கூட. அதன் பிறகு ஹேர் டிரையரால் சூடேற்றிச் சேர்க்க வேண்டும். சேர்த்த பின் நகர்த்த முடியாது, ஒரே வாய்ப்புதான். எவ்வளவு நேரம் அழுத்தினோம் என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்பதே முக்கியம். அதனால் கனமான புத்தகத்தை வைத்து இரவெல்லாம் விடுவதைவிடச் சுத்தியலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டு போவது மேல். ரயிலில் இதையெல்லாம் அவர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

மற்ற படிகள் இவை. பழைய சோலை வளைவுக்கு அருகே குறுக்கே வெட்டி, மிதமாகச் சூடேற்றி, அங்கிருந்து முனையை நோக்கி உரியுங்கள். சூடு அதிகமானால் ராண்டைப் பிடித்திருக்கும் பசையும் இளகிவிடும், பாதிப் பேர் இங்கேதான் ஷூவைக் கெடுக்கிறார்கள். இரண்டு பரப்பையும் முரட்டு உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். பசை இரண்டு மெல்லிய பூச்சு. ஷூவுக்குள் துணியை இறுக்கித் திணித்துக்கொள்ளுங்கள், லாஸ்ட் இல்லாத குறைக்கு அது ஓரளவு ஈடு. முனையிலிருந்து தொடங்கிப் பின்னால் சேர்த்துக்கொண்டு வாருங்கள். ஓரத்தில் 2 மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தைச் சாணையில் சீவுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

ரப்பரைச் சாணை பிடிக்கும்போது முகக்கவசம் போடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். 2025-இல் வியன்னா பல்கலைக்கழகமும் சுவிட்சர்லாந்தின் ஈ.பி.எஃப்.எல். நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், உள்ளரங்குக் கிளைம்பிங் கூடங்களின் காற்றிலேயே ஷூ ரப்பரிலிருந்து வந்த வேதிப்பொருட்கள் இருந்தன. டயரில் சேர்க்கும் 6பிபிடி-யும் அவற்றில் ஒன்று. சாதாரணமாக ஏறித் தேய்ந்த தூளுக்கே அப்படி என்றால், குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிரைண்டர் ஓட்டுவதைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள். பசையின் நெடியும் நல்லதில்லை.

செலவு என்று பார்த்தால் பசையும் உப்புத்தாளும் சில நூறு ரூபாய். மறைந்திருப்பது முதல் ஜோடி. முதல் ஜோடி சரியாக வராது. அதனால் உங்களுக்குப் பிடித்த ஷூவில் தொடங்காதீர்கள், தூக்கிப் போட இருக்கும் ஒன்றில் கைப்பழக்கம் செய்யுங்கள். ஒரு ஜோடிக்காக என்றால் இந்த வழி வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஜோடி தேய்க்கிறவர், அல்லது கைவேலையில் ஆசை உள்ளவர் என்றால் அருமை.

## புதுசு

சில ஷூவுக்கு வைத்தியம் பார்க்கவே கூடாது. ராண்ட் கிழிந்து விரல் தெரிகிற வளைந்த ஷூ, உள்ளே நடுச்சோல் உடைந்து நடுவில் தொய்ந்த ஷூ, வாங்கும்போதே அளவு சரியில்லாமல் ‘பழகிடும்’ என்று வைத்திருந்த ஷூ. கடைசி வகையை ரீசோலுக்கு அனுப்புகிறவர்கள் நிறைய. பிடிக்காத ஷூவுக்கு ஆயுள் நீட்டித்து என்ன பயன்?

ஏறத் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகாதவர்களுக்கும் புதுசையே சொல்வேன், அதிலும் விலை குறைந்த தட்டை ஷூ. கால் வைக்கும் முறை இன்னும் பழகவில்லை, முனையைச் சுவரில் உரசிக்கொண்டே தூக்குவீர்கள். 5,000 ரூபாய் ரீசோலையும் அதே வேகத்தில் தேய்ப்பீர்கள். ஜிம்முக்கு மலிவு ஷூ, பாறைக்கு நல்ல ஷூ என்று பிரித்து வைத்தால் நல்ல ஷூவின் ஆயுள் தானாகவே கூடும்.

புது ஷூவின் மறைமுகச் செலவு வலி. ஒரு மாதமாவது முழுத் திறமையோடு ஏற முடியாது. டிசம்பரில் வாங்கினால் அந்தச் சீசனே பழக்குவதில் போய்விடும். ஜூன், ஜூலை மழையில் ஜிம்மில் பழக்கிவிடுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | சின்ன ஒட்டு | தேர்ந்தவர் ரீசோல் | தெருமுனை + உங்கள் ரப்பர் | வீட்டில் | புதுசு |
|---|---|---|---|---|---|
| ராண்ட் நன்றாக இருந்தால் | வேண்டாம் | மிக நல்லது | நல்லது | கைப்பழக்கம் இருந்தால் | தேவையில்லை |
| ராண்ட் தேய்ந்திருந்தால் | தற்காலிகம் | ஆகும், செலவு கூடும் | வேண்டாம் | வேண்டாம் | யோசிக்கலாம் |
| வளைந்த ஷூ | தற்காலிகம் | கொஞ்சம் தட்டையாகும் | வேண்டாம் | வேண்டாம் | பெரும்பாலும் இதுதான் |
| காத்திருப்பு | 1 நாள் | வாரங்கள், மாதங்கள் | 1 நாள், ரப்பர் கையில் இருந்தால் | 2 நாள் | பழக 1 மாதம் |
| மறைந்த செலவு | பின்னால் ரீசோல் சிக்கல் | இரண்டாவது ஜோடி | ரப்பர் இறக்குமதி | கெட்டுப்போகும் முதல் ஜோடி | வலி, வீணான சீசன் |

## மேலே ரப்பர் சேர்ப்பது: அது வேறு கணக்கு

தேயாத ஷூவிலும் ரப்பர் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. விரல்களின் மேல்பக்கம் ரப்பர் ஒட்டினால் டோ ஹூக் (அந்த மேல்பக்கத்தைக் கொக்கி மாதிரி மாட்டி இழுப்பது) நன்றாகப் பிடிக்கும், பாறை வெடிப்பில் காலைத் திருகிச் செருகும்போது தோலும் லேஸும் கிழியாது. ஸ்கார்பா டிராகோ மாதிரியான ஷூக்களில் கம்பெனியே பெரிய ரப்பர்த் தகடு வைத்துத் தருகிறது. பழைய ஷூக்களில் இருக்காது. ஃபைவ் டென் ஒரு காலத்தில் ரப்பர்த் தூளைப் பசையில் கலந்து பெயிண்ட் மாதிரி பூசிக்கொள்ளும் ஒன்றை விற்றது.

சேர்க்கும் முன் என்ன இழக்கிறீர்கள் என்று பாருங்கள். மேல்பக்கம் விறைத்தால் விரல்களை மடக்குவது கடினமாகும். தோல் ஷூவாக இருந்தால் இனி அந்த இடம் உங்கள் காலுக்குத் தகுந்தபடி விரியாது. அதனால் ஷூ முழுதாகப் பழகிய பிறகுதான் ஒட்ட வேண்டும், காலில் போட்டுக்கொண்டு விரல் மடங்கிய நிலையில் அளவெடுக்க வேண்டும். காற்றுப் போகாது, நம் ஊர் வெயிலில் நாற்றம் கூடும். அது சின்ன விஷயம் இல்லை, காரில் கூட வருகிறவர்களைக் கேளுங்கள்.

சோலுக்குப் போடும் 4 மி.மீ. ரப்பரை இங்கே ஒட்டாதீர்கள். 1 முதல் 2 மி.மீ. போதும். லாரி ட்யூபில் வெட்டிய துண்டு இதற்கு அருமையாகப் பொருந்தும். கனரக ட்யூபுகள் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர், துள்ளாத சாதி. பஞ்சர் கடையில் கேட்டால் பழைய ட்யூபைச் சும்மாவே கொடுப்பார்கள். ஆனால் அதன் மேலிருக்கும் பவுடரையும் பளபளப்பையும் முழுக்கத் தேய்த்து எடுக்காவிட்டால் எந்தப் பசையும் நிற்காது. துண்டின் ஓரங்களைச் சீவி மெலிதாக்குங்கள், மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் கிளம்பும்.

வெடிப்பில் அதிகம் ஏறுகிறவர்களுக்கு இது உண்மையிலேயே பயன்படும், கட்டைவிரல் பக்க மேல்ஓரத்தில் ஒரு பட்டை போட்டால் ஷூவின் ஆயுளே கூடும். ஸ்லாபில் மட்டும் ஏறுகிறவர்களுக்கு எடையும் நாற்றமும்தான் மிச்சம். ஜிம்மில் கூரைப் பகுதியில் ஏறுகிறவர்கள், முதலில் எந்தக் கால் டோ ஹூக்குக்குப் போகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். என் வலது ஷூவில் மட்டும்தான் லாரி ட்யூப் இருக்கிறது. இடதுக்கும் சேர்த்து வெட்டி வைத்த துண்டு இரண்டு வருஷமாக மேசை டிராயரில் கிடக்கிறது.